கடைமடையிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு: ஒரு பக்க மனு எழுதும் வழி

என் முதல் மனு நாலு பக்கம். "வாழ்வாதாரம்" என்ற சொல்லை ஏழு இடத்தில் எழுதியிருந்தேன்; பிற்பாடு எண்ணிப் பார்த்தேன். பெறுநர் வரிசையில் பிரதமர் தொடங்கி மாவட்ட ஆட்சியர் வரை ஆறு பேர். ஆறு பதிவுத் தபாலுக்கும் சேர்த்து ஒரே ஒரு பதில் வந்தது: "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது." யாருக்கு, என்ன நடவடிக்கைக்கு என்று அதில் இல்லை.

அது 2016 கடைசி. தரங்கம்பாடிக்கு வடக்கே உப்பனாற்றை ஒட்டி எங்களுக்கு மூன்று இறால் குளங்கள். குளம் வீட்டுக்காரர் பொறுப்பு, கணக்கு என் பொறுப்பு. நான் படித்த பி.காம். அதற்காவது உதவுகிறது. அந்த வருஷம்தான் ஐரோப்பிய ஒன்றியம், இந்தியப் பண்ணை இறாலில் மருந்து எச்சம் உண்டா என்று நூறு சரக்குக்குப் பத்தைச் சோதித்துக்கொண்டிருந்ததை ஐம்பது என்று உயர்த்தியது. ஐரோப்பியத் துறைமுகத்தில் பெட்டி காத்துக் கிடந்தால் வாடகை, கரண்டு, ஆய்வுக்கூலி எல்லாம் ஏறும். அது கடைசியில் வந்து இறங்கும் இடம் எங்கள் குளத்து மேடு. பிடிப்பு அன்றைக்கு வந்த ஏஜென்ட், "யூரோப்ல டைட் பண்ணிட்டாங்கம்மா" என்று சொல்லி 40 கவுண்ட்டுக்கு (கிலோவுக்கு நாற்பது இறால் நிற்கும் அளவு) கிலோவுக்கு முப்பது ரூபாய் குறைத்தார். வலை போட்டாகிவிட்டது, ஐஸ் வண்டி நிற்கிறது. என்ன பேச முடியும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் என்ற ஊரைப் பற்றி நான் அக்கறையோடு விசாரித்தது அன்றைக்குத்தான்.

இப்போது எங்கள் வட்டார இறால் வளர்ப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். நெல்காரர்கள், கும்பகோணம் பக்கத்து வெற்றிலைக்காரர்கள், சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள்: "டெல்லிக்காரங்க ஐரோப்பாக்காரங்களோட பேசறாங்க, நம்ம விஷயத்தை அதுக்குள்ள நுழைக்கிறது எப்படி?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

மேசையில் உட்காருவது யார்

முதலில் இது தெளிவாக வேண்டும். அரசியலமைப்பில் வேளாண்மை மாநிலப் பட்டியல். கரையோர மீன்வளமும் அப்படியே. வெளிநாட்டு வணிகமும், அயல்நாட்டோடு ஒப்பந்தம் போடுவதும் ஒன்றியப் பட்டியல். அதாவது நம் குளத்தையும் வயலையும் அறிந்த துறை சென்னையில் இருக்கிறது. பேசுகிற துறை டெல்லியில் இருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதற்குள் என்னென்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கே தண்ணீருக்குப் பதில் தகவல், அதுவும் கடைமடையிலிருந்து மேடு ஏற வேண்டும். தானாக ஏறாது. இறைக்க வேண்டும்.

டெல்லியில் பேசுவது வணிக, தொழில் அமைச்சகத்தின் வணிகத் துறை. எதிர்ப்பக்கம் 27 நாடுகளுக்கும் சேர்த்து ஐரோப்பிய ஆணையம். அந்த 27 நாடுகளும் ஒரு குழு வைத்து ஆணையத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும்.

அங்கே ஒரு வட்டாரத்தின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதற்கு ஒரு கதை உண்டு. கனடாவோடு பல வருஷம் பேசி முடித்த ஒப்பந்தத்தை 2016 அக்டோபரில் பெல்ஜியத்தின் ஒரு பகுதியான வலோனியா நிறுத்தி வைத்தது. அந்த வட்டாரச் சட்டமன்றம் ஒப்புக்கொள்ளாமல் பெல்ஜியம் கையெழுத்துப் போட முடியாது. குறித்த தேதி தள்ளிப்போனது. விளக்க உறுதிமொழிகள் எழுதிச் சேர்த்த பிறகே அக்டோபர் 30 அன்று கையெழுத்தானது. வலோனியாவில் சுமார் 36 லட்சம் பேர். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பிரிவதற்கு முந்தைய நாகப்பட்டினம் ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் 52 லட்சத்துக்கு மேல்.

நமக்கு அந்தச் சட்ட அதிகாரம் கிடையாது, பெருமூச்சு விட்டுப் பயனில்லை. நமக்குப் பொருந்துகிற பாடம் இத்தாலி நெல் விவசாயிகளுடையது. கம்போடியாவிலிருந்தும் மியான்மரிலிருந்தும் வரியில்லாமல் அரிசி வந்து தங்கள் விலை விழுகிறது என்று அவர்கள் முறையிட்டார்கள். எவ்வளவு வந்தது, விலை எவ்வளவு இறங்கியது என்பதைக் கணக்காகக் காட்டினார்கள். அவர்கள் அரசு அதை எடுத்துக்கொண்டு ஆணையத்திடம் போனது. 2019 ஜனவரியில் டன்னுக்கு முதல் வருஷம் 175 யூரோ, அடுத்து 150, அதற்கடுத்து 125 என்று மூன்று வருஷத்துக்கு வரி திரும்ப வந்தது. கம்போடியாவின் ஏழை விவசாயிக்கு அது நியாயமா என்பது வேறு கேள்வி. நான் பார்ப்பது வேலை நடந்த விதத்தை.

நம்மிடமும் முன்னுதாரணம் உண்டு. 1983-ல் காவிரிக்காக உச்ச நீதிமன்றம் போனது டெல்டா விவசாயிகளின் ஒரு சங்கம்தான். 1990-ல் நடுவர் மன்றம் அமைந்ததற்கு அந்த வழக்கு வழி.

அப்புறம், எங்கள் பக்கத்து ஊர்க் கதை ஒன்று. தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தது 1620-ல். கரையில் வலை காயவைத்தவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டென்மார்க் இப்போது அந்த 27-ல் ஒன்று.

டெல்டாவின் நலன் என்றால் யாருடையது

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டித்தான் போனேன். இரண்டாவது மனுவுக்கு ஆதரவுக் கையெழுத்து வாங்க, சீர்காழியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நெல் விவசாயிகளையும் அழைத்தோம். காபி வருவதற்குள் ஒரு பெரியவர் எழுந்தார். "உங்க எறாலுக்கு வரி குறைஞ்சா என்ன ஆகும்? குளம் கூடும். குளம் கூடினா உப்பு கூடும். என் வயலுக்கு வர்ற உப்புக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. இறால் பண்ணைகளால் வயலும் கிணறும் உப்பாகின்றன என்று நம் கடலோரத்திலிருந்துதான் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் அய்யா உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 தீர்ப்பு கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. பிறகு 2005-ல் தனிச் சட்டம் வந்து, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்த பண்ணைகள்தான் நடக்கலாம் என்று ஆனது. எங்கள் குளங்கள் பதிவானவை. பதிவில்லாத குளம் எங்கள் வாய்க்காலிலேயே உண்டு, அதையும் அந்தப் பெரியவர் பெயர் சொல்லியே சொன்னார்.

அன்றைக்கு மூன்று மணி நேரம் சண்டை. முடிவில் எங்கள் கோரிக்கையே மாறிப்போனது. "இறாலுக்கு வரியை ரத்து செய்" என்பது போய், "பதிவு பெற்ற, ஆன்டிபயாடிக் சோதனையில் தேறிய பண்ணைகளின் சரக்குக்குச் சோதனை விகிதத்தைக் குறைக்க வழி வை" என்று ஆனது. அதற்கு நெல்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இது கொஞ்சம் சிறிய கோரிக்கைதான். ஆனால் பக்கத்து வயல்காரர் எதிர்த்து எழுதும் மனு ஒன்று அதே மேசைக்குப் போகாது. டெல்லியில் ஒரு வட்டாரத்திலிருந்து இரண்டு எதிரெதிர் தாள் வந்தால், இரண்டையும் கோப்பின் அடியில் வைத்துவிட அவர்களுக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

ஆகவே முதல் வேலை பேனா எடுப்பதல்ல. உங்கள் கோரிக்கை நிறைவேறினால் யாருக்கு நஷ்டம் என்று தேடி, அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

குறை எந்த வாசலுக்கு உரியது

"ஐரோப்பாவால் பாதிப்பு" என்று ஒரு குறை கிடையாது. வரியா, மருந்து எச்சமா, காகிதமா, பெயரா என்று பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றும் வேறு வாசல். வரிக் குறையை எச்சம் பார்க்கிறவரிடம் கொடுத்தால் அவர் பாவம் என்ன செய்வார்?

வரி என்றால் ஹெச்.எஸ். கோடு, அதாவது சுங்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள எண், இல்லாமல் பேசவே பேசாதீர்கள். உறைந்த இறால் 0306 17. அரிசி 1006, அதில் தீட்டியது 1006 30. இந்த ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். ஐரோப்பிய ஆணையத்தின் ஆக்சஸ்-டு-மார்க்கெட்ஸ் என்ற இணையதளத்தில் கோடையும் இந்தியாவையும் போட்டால் வரியும் தேவையான சான்றிதழும் வந்துவிடும். இலவசம். எங்கள் இறாலுக்குப் பல வருஷம், வளரும் நாடுகளுக்கான ஐரோப்பியச் சலுகைத் திட்டத்தில் 4.2 சதவீதம் இருந்தது. ஒப்பந்தம் போட்ட ஈக்வடாருக்கும் வியட்நாமுக்கும் பூஜ்யம். ஈக்வடார் 2017 ஜனவரியில் உள்ளே போனது, வியட்நாம் 2020 ஆகஸ்டில். எங்கள் போட்டிக்காரர் யார் என்பது எனக்கு இப்படித்தான் தெரிந்தது. அதுவரை ஆந்திராக்காரர்கள் என்று நினைத்திருந்தேன்.

அரிசியில் இன்னும் சுவாரசியம். உமி நீக்கிய பாசுமதியில் சில ரகங்களுக்கு ஐரோப்பாவில் வரியே இல்லை. பாசுமதி 370, ரன்பீர், தராவரி என்று ரகத்தின் பெயரையே எழுதி வைத்த பட்டியல் அது. நம் சீரகச் சம்பா அதில் இல்லை. பெயர் சொல்லிக் கேட்டால் பெயர் சொல்லி எழுதுவார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

இந்திய-ஐரோப்பியத் தடையற்ற வணிகப் பேச்சு 2007-ல் தொடங்கி, 2013-ல் நின்று, 2022 ஜூனில் மறுபடி தொடங்கி, 2026 ஜனவரி 27 அன்று டெல்லியில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. "அப்ப முடிஞ்சுபோச்சே, இனி எதுக்கு மனு?" என்று கேட்கிறார்கள். வரிக்குத்தான் அது பெரிய கதவு. எச்சத்துக்கு அல்ல. ஒரு கிலோவில் எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதை எந்த ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதை ஆணையம் தன் ஒழுங்குமுறையில் தானே எழுதும், தானே மாற்றும். டெல்டாவைச் சுடுவது வரியின் முழு எண்கள் அல்ல, இந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்கள்தான்.

எங்களுக்குச் சுட்டது 0.15. குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம் என்று இருந்த வரம்பை 2022 நவம்பர் 28 முதல் 0.15 ஆக்கினார்கள். நைட்ரோஃபியூரான் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கின் எச்சம் 1 என்றிருந்தது 0.5 ஆனது. சங்கக் கூட்டத்தில் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக் கடுகு டப்பாவை எடுத்துப் போனேன். பத்து டன் இறால் பிடித்தால், அந்த மொத்தப் பிடிப்பிலும் சேர்த்து 1.5 மில்லிகிராம். ஒரு கடுகு மணி அதைவிடக் கனம். கடுகை உள்ளங்கையில் வைத்துக் காட்டியதும் கூட்டம் அமைதியாகிவிட்டது.

நெல்காரர்களுக்கு 0.01. சம்பாவில் குலைநோய்க்கு அடிக்கிற டிரைசைக்ளசோலுக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றிருந்ததை நூறில் ஒரு பங்காக்கினார்கள். பாசுமதிக்கு 2018-ல் அது விழுந்ததும் வடக்கே ஏக அமர்க்களம். நம் பக்கம் சத்தமே இல்லை. நம் நெல் பெரும்பாலும் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது, அங்கே ஐரோப்பா தெரியாது. ஆனால் பாரம்பரிய அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இப்போதே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

வெற்றிலைக்கு ஒரு வரி: 2014-ல் சால்மோனெல்லா கிருமியால் வங்கதேச வெற்றிலை மொத்தத்தையும் ஐரோப்பா நிறுத்தியது. ஒரு நாட்டு வெற்றிலை முழுதும். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்த கொண்டாட்டத்தோடு, கழுவுகிற தண்ணீரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவாமிமலை சமாச்சாரம் காகித வகை. ஒரு ஸ்தபதி சொன்னது: "பழசு மாதிரி இருக்குன்னு இங்க சொன்னா எனக்குப் பாராட்டு. அங்க அதுவே குத்தம்." ஐரோப்பாவில் பழம்பொருள் இறக்குமதிக்குக் கடுமையான சட்டம் 2025 ஜூன் 28 முதல் முழுதாக நடைமுறைக்கு வந்துவிட்டது. அகழ்ந்தெடுத்ததோ கோயிலிலிருந்து பிரிந்ததோ ஆன 250 வருஷத்துக்கு மேற்பட்ட பொருளுக்கு அனுமதிச் சீட்டே வேண்டும். போன மாதம் வார்த்த நடராஜருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் போன மாதம் வார்த்தது என்று நிரூபிக்கும் வேலை நம் தலையில். பழம்பொருள் அல்ல என்ற தொல்லியல் துறைச் சான்று, 8306 என்ற உலோகச் சிலைக் கோடு (9706 என்று தவறாகப் போட்டால் அது தொன்மைப் பொருள்), இவற்றோடு மெழுகுப் பிடிப்பையும் வண்டல் மண் பூசிய அச்சையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இப்போது ஒவ்வொரு மெழுகுக்கும் அன்றைய நாளிதழைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கிறார். பெயர் வாசலும் இவர்களுக்குத் திறந்திருக்கிறது: கைவினைப் பொருளுக்கும் புவிசார் குறியீடு தரும் ஐரோப்பியச் சட்டம் 2025 டிசம்பர் 1 முதல் செயலில் உள்ளது. அதற்கு முன்னால் அங்கே உணவுக்கும் சாராயத்துக்கும்தான் அந்தக் குறியீடு இருந்தது, சிலைக்குப் பெட்டியே இல்லை.

அந்த ஒரு பக்கம்

தமிழில் முதலில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் தொடங்கினால் நமக்கு வாய்க்கிற நாலு அரசாங்கச் சொற்றொடர்களிலேயே விஷயம் மூழ்கிவிடும். தமிழில் எழுதி, சத்தமாக வாசித்து, அப்புறம் ஆங்கிலமாக்கிக்கொள்ளலாம்.

மேலே கோடும் ஒழுங்குமுறை எண்ணும். கீழே என்ன நடக்கிறது என்று மூன்று வரி. அதன் கீழே உங்கள் எண்கள். உங்களிடம் இருக்கிறவை மட்டும். எங்கள் தாளில் சங்கத்தின் 41 பண்ணைகள், எத்தனை ஏக்கர், எத்தனை முறை பிடிப்புக்கு முந்தைய எலைசா என்ற ஆன்டிபயாடிக் எச்சச் சோதனைக்கு மாதிரி போனது, எத்தனை தேறியது, எத்தனை தோற்றது என்று இருந்தது. நாளிதழில் வரும் கோடிக்கணக்கான டாலர் எண்ணை எடுத்துப் போடாதீர்கள். அது அவர்களிடமே உண்டு. அவர்களிடம் இல்லாதது உங்கள் வாய்க்கால் கணக்கு.

தோற்றதையும் எழுதுங்கள் என்கிறேன். எங்கள் சொந்தக் குளமே ஒருமுறை தோற்றது. நைட்ரோஃபியூரான். வீட்டுக்காரர் சத்தியம் செய்தார், எதுவும் போடவில்லை என்று. பிறகு தேடியதில், குடல் நோய்க்கு நல்லது என்று ஒரு கடையில் வாங்கிய பொட்டலம் ஒன்று இருந்தது. புரோபயாடிக் என்று மட்டும் அச்சடித்து, உள்ளே என்ன என்று இல்லாத பொட்டலம். அந்தப் பிடிப்பை ஏற்றுமதிக்கு எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கைக்கு வந்தது முதலுக்கும் கீழே. அன்றிலிருந்து சங்கத்தில் ஒரு விதி: குளத்தில் விழும் எதற்கும் பில்லும் காலிப் பொட்டலமும் கோப்பில் இருக்க வேண்டும்.

இதை நான் மனுவில் எழுதியதற்குக் கமிட்டியில் எதிர்ப்பு. "நம்ம வாயாலயே ஒத்துக்கிறதா?" என்றார்கள். ஐரோப்பிய உணவு எச்சரிக்கைத் தளத்தில் எந்த நாட்டுச் சரக்கில் என்ன பிடிபட்டது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாம் மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் முதல் முறையாக ஓர் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தப் பொட்டல விதி எப்போது தொடங்கியது, மூன்று வருஷப் பதிவேட்டை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

கடைசியில் கோரிக்கை. ஒன்றே ஒன்று. அது அவர்கள் தங்கள் தாளில் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளக்கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும். "ஆவன செய்ய வேண்டும்" என்பதை யாரும் ஒட்ட முடியாது. நாங்கள் எழுதியது: "பதிவு பெற்ற பண்ணைகளின் சரக்கில் தொடர்ந்து இத்தனை மாதம் குறை காணாவிட்டால் சோதனை விகிதம் படிப்படியாகக் குறையும் என்ற நிபந்தனையை எழுத்தில் சேர்க்கக் கோருக."

சட்டத்தை ரத்து செய்யச் சொல்வதைவிட ஓர் அடிக்குறிப்பு கேட்பது எளிது. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அந்த 0.5 சட்டத்திலேயே இருக்கிறது. நைட்ரோஃபியூரான் போட்டதன் அடையாளம் என்று அவர்கள் தேடும் செமிகார்பசைடு, கிரேஃபிஷ் என்னும் நன்னீர்ச் சிங்கியில் இயற்கையாகவே இருக்கிறது. யாரோ அதை ஆய்வோடு காட்டியிருக்கிறார்கள். சட்டம் அப்படியே இருக்க, கிரேஃபிஷுக்கு மட்டும் ஓர் அடிக்குறிப்பு விலக்கு. ஒரு வரிதான்.

எப்போது, யாரிடம்

மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு ஒன்று இருக்கிறது; மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் கூட்டத் தேதி தெரியும். அங்கே பதிவாகிவிட்டால் உங்கள் தாளுக்கு ஓர் எண் கிடைக்கும். பிறகு பொருளுக்குரிய வாரியம். இறாலுக்குக் கொச்சியில் தலைமையகம் உள்ள கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம், நாங்கள் எம்பெடா என்போம். அரிசிக்கு வேளாண் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபெடா. கைத்தறிக்குச் சென்னையில் ஏற்றுமதிக் கவுன்சில். வாரியத்துக்கு அனுப்பும் அதே தாளின் நகல் வணிகத் துறைக்கும், மாநிலத் துறைச் செயலருக்கும். ஆறு பேருக்கு அல்ல, மூன்று பேருக்கு.

தேதிதான் உயிர். ஒரு நாடு உணவு விதியை மாற்றப் போகிறது என்றால் உலக வர்த்தக அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். கருத்துச் சொல்லப் பெரும்பாலும் 60 நாள் உண்டு. இ-பிங் என்ற தளத்தில் உங்கள் பொருளைப் பதிந்து வைத்தால் அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். அந்த 60 நாளுக்குள் வாரியத்தின் கையில் தாள் இருக்க வேண்டும். முறையாகப் பதில் சொல்வது அரசுதான். அறுபத்தோராம் நாள் போனால், நாற்று முற்றிய பிறகு நடவுக்கு ஆள் தேடுகிற கதைதான்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வாசல்: ஐரோப்பிய ஆணையம் தன் வரைவுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் தளம் ஒன்றை வைத்திருக்கிறது. வரைவுச் சட்டத்துக்கு நாலு வாரம். ஐரோப்பியக் குடிமக்கள்தான் எழுத வேண்டும் என்றில்லை. நான் எழுதியிருக்கிறேன், என் பெயருக்குக் கீழே நாடு இந்தியா என்று போட்டு இப்போதும் அங்கே கிடக்கிறது. டெல்லியைத் தாண்டி எழுதுவது தப்பில்லையா என்று பயந்தவர்கள் உண்டு. தப்பில்லை. ஆனால் டெல்லிக்குச் சொன்னதற்கு மாறாக அங்கே எழுதாதீர்கள்.

பேச்சு நடக்கும்போது நம் தரப்புத் தாள் வெளியே வராது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்த்தேன், மறுத்தார்கள். ஆனால் ஐரோப்பியத் தரப்பு தான் கேட்பவற்றில் பலவற்றைத் தன் தளத்தில் போட்டுவிடுகிறது. நம் ஆட்கள் என்ன கொடுக்கப் போகிறார்கள் என்று அறிய, அவர்கள் என்ன கேட்டார்கள் என்று படிப்பது ஒரு குறுக்கு வழி. விதை உரிமை பற்றிய பகுதியை மட்டும் நெல்காரர்கள் தவறாமல் பார்க்க வேண்டும். விதையை வைத்துக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் நம் 2001 சட்டத்தின் 39-ம் பிரிவு தரும் உரிமை, அவர்கள் வழக்கமாகக் கேட்கும் யூபோவ் 1991 என்ற பயிர் ரக உரிமை உடன்படிக்கையின் விதிமுறையோடு ஒத்துப்போகாது. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கி நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உங்கள் மக்களவை உறுப்பினரிடம் "பேசுங்கள்" என்று கேட்காதீர்கள், ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள். பதினைந்து நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். எழுத்துப் பதில் போதும். அந்தப் பதில் நிரந்தரமாகப் பொதுவில் இருக்கும், அடுத்த மனுவில் மேற்கோள் காட்டலாம்.

சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அழைத்தால் போங்கள், ஆனால் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். முதல் நிமிடத்தை வணக்கம் சொல்லியே தீர்த்துவிட்டேன். அதற்கப்புறம் நான் செய்வது: எழுந்ததும் கோடு எண், பிறகு கோரிக்கை வாக்கியம், உட்கார்ந்துவிடுவது. தேநீர் இடைவேளையில் மேடையில் இருப்பவரைச் சுற்றி நிற்காமல், குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் இளைய அதிகாரியிடம் போய்த் தாளைக் கொடுப்பது. அறிக்கை எழுதப் போவது அவர்.

போன வாரம் அந்தச் சாப்பாட்டுக் கூடத்துப் பெரியவர் வீட்டுக்கு வந்தார். மகன் கிச்சிலிச் சம்பா அரிசியை ஜெர்மனிக்கு அனுப்பப் பார்க்கிறானாம், மாதிரி சோதனையில் குலைநோய் மருந்து நிற்கிறதாம். பக்கத்து வயலிலிருந்து வந்திருக்கும் என்கிறான். மனு எழுதிக் கொண்டுவந்திருந்தார். நாலு பக்கம். முதல் இரண்டு பக்கத்தில் கரிகாலனும் கல்லணையும். மூன்றாவதில் வாழ்வாதாரம். நாலாவது பக்கத்தின் அடியில் சின்னதாக ஆய்வக எண்: 0.03.

"இதுலேர்ந்து ஆரம்பிப்போம்ங்கய்யா" என்று புதுத் தாள் எடுத்தேன். கல்லணையை விடுவதற்கு அவருக்கு மனசில்லை. பக்கத்து வயல்காரரை எப்போது கூப்பிடுவது என்று கேட்டேன்; ஞாயிற்றுக்கிழமை என்றார்.